மேனகா விற்ற பதினோரு காது மிஷின்

இந்த மேனகாவின் பெயர் புஷ்பவள்ளியின் காதில் முதன்முதலாக விழுந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், பழைய ரப்பர் தோட்டத்துக் கோயிலில் பங்குனித் திருவிழாவுக்குப் பந்தக்கால் நட்ட வாரம். விழுந்தது என்று சொன்னால் பாதிப் பொய். அந்த வருசம் அவளுடைய இடது காது அடைத்தே போயிருந்தது. வலது காதில், ஆள் கிட்ட நின்று பேசினால் கேட்கும். போனில் என்றால் கத்த வேண்டும். மகன் புவனேசன் சுங்கைப் பட்டாணியிலிருந்து கத்தினான்.

“மா, ஞாயித்துக்கெழம கோயில் மண்டபத்துல காது டெஸ்ட் பண்றாங்க. ஃப்ரீ லா! மேனகான்னு ஒரு பொண்ணு வருது. போய்க் காட்டு.”

“எந்த மேனகா?”

“காது மிஷின் விக்கிற கடையில வேல செய்யிற மேனகா.”

“யாரு மகன்னு கேக்கிறேன்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நீ காது காட்டப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?”

கெடா மாநிலத்துக் கோலா கெத்தில் வட்டாரத்தில் புஷ்பவள்ளிக்குத் தெரிந்து இரண்டு மேனகாதான். ஒன்று, தோட்டத்து நடு டிவிசன் வீராயியின் மகள் வயிற்றுப் பேத்தி. சிங்கப்பூருக்குக் கட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றது, லாரி ஓட்டின பெருமாளின் மருமகள். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கவே அதற்குக் கூச்சம், விற்கவா போகிறது? மூன்றாவதாக ஒரு மேனகா எங்கிருந்து முளைத்தாள் என்று மூன்று நாளாய் யோசித்தாள். தாய் தகப்பன் தெரியாத பெயர் அவள் மனசில் உட்காராது, ஆணியில்லாத படம் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். ஒல்லி. மேசையில் லாப்டாப்பும் ஒரு கறுப்புப் பெட்டியும். புஷ்பவள்ளி காதைக் காட்டுமுன் வாயைத் திறந்தாள்.

“எந்த ஊரும்மா நீ?”

“பாக்கார் ஆராங், ஆண்ட்டி.”

“அது குடியிருக்கிற எடம். ஊரக் கேட்டேன்.”

பெண் சிரித்தாள். “எங்க தாத்தா இந்தத் தோட்டத்துலதான் இருந்தாராம். கிராணியா. சிவகுருன்னு பேரு. நான் பொறக்கிறதுக்கு முந்தியே போயிட்டாரு.”

புஷ்பவள்ளி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். அவளாக எழுந்திருக்கவில்லை, கால் எழுந்தது. பதினெட்டு வருசம் அந்தப் பெயருக்கு முன்னால் நின்று பழகிய கால்.

சிவகுருக் கிராணி யாழ்ப்பாணத்து மனிதர். பகலில் ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. விடியுமுன் ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்தில் நின்று பால் வெட்டுக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவதும் அவர்தான். கம்பத்தில் ஒரு விளக்குத் தொங்கும். விளக்கின் கீழே அவர், இருட்டுக்குள் ஜனம். ஒவ்வொரு பெயரையும் எழுத்து விழுங்காமல் இரண்டே தடவை சொல்வார். பிறகு சின்னதாய் ஓர் இருமல். அதற்குள் “ஐயா” என்று குரல் வராவிட்டால் பென்சிலால் ஒரு கோடு. அன்றைக்கு வேலை கிடையாது.

அதே தோட்டத்தில் பிள்ளைகளுக்கு இன்னொரு கண்டிப்பும் உண்டு. பின்னாலிருந்து, ஆள் தெரியாமல், பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனுசன். மற்றது இரண்டோடு நின்றுவிடும். அப்படியானால் பெரட்டில் என்ன செய்வது? அதற்கும் தாய்மார் வழி வைத்திருந்தார்கள். விளக்கைப் பார், விளக்கின் கீழிருந்து வரும் குரலுக்கு உடனே பதில் சொல். விளக்கில்லாத குரலுக்கு மூன்றாவது தடவைக்குத்தான். இப்படி வளர்ந்த ஜனம் அது. யாரும் அதை யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

மேனகா இந்த வேலைக்கு வந்த கதையைப் புஷ்பவள்ளி பிற்பாடு அவள் வாயாலேயே கேட்டாள்.

பினாங்கில் பட்டம் படித்த பெண். பயோடெக்னாலஜி. பரிசோதனைக்கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கப் போகிறாள் என்று வீட்டில் எல்லாருக்கும் நினைப்பு. தகப்பன் அனந்தன் நில அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தாய் ஜெயந்தினி பள்ளிக்கூட ஆசிரியை. அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் எதையும் விற்றதில்லை. பழைய நாளிதழைக்கூட சும்மா கொடுத்துவிடுவார்கள். பதினாலு மாதம் வேலை தேடி, அறுபது இடத்துக்கு எழுதிப் போட்டு, கடைசியில் சுங்கைப் பட்டாணியில் காது மிஷின் விற்கும் கடையில் போய் உட்கார்ந்தாள். ஜெயந்தினி அன்று சாப்பிடவில்லை.

“வீடு வீடா ஏறி இறங்கவோ உன்னைப் படிப்பிச்சனாங்கள்? சனம் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?”

“டெம்பரரிதானேம்மா.”

“டெம்பரரி எண்டு போனவையள் ஒருத்தரும் திரும்பி வரேல்லை, பிள்ளை.”

கடை முதலாளி திவாகரன் அதற்கு மேல். இரண்டு மாதம் அவள் ஒன்றும் விற்கவில்லை. மூன்றாவது மாதம் முதல் தேதி கூப்பிட்டுச் சொன்னான்: “மேடம், டிகிரிய செவுத்துல மாட்டலாம், காதுல மாட்ட முடியாது. இந்த மாசம் பத்து மிஷின். இல்லாட்டி நீங்களே வேலைய விட்டு நின்னுக்குங்க. நான் சொல்லி அனுப்பினா நல்லாருக்காது.”

வேலை போனால் போகட்டும் என்று அவளால் இருக்க முடியவில்லை. காரணம் தஞ்சோங் டாவாயில் ஒரு மலாய்க்கார மீனவர். நாற்பது வருசம் படகு இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து காது போனவர். கறுப்புப் பெட்டியில் ‘பீப்’ என்று சத்தம் வரும், வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், அதுதான் டெஸ்ட். அந்த மனுசர் மரியாதைக்காக ஓயாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். மேனகாவுக்கு வேறு வழி தெரியவில்லை. அவரைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்து, ஆறடி பின்னால் நின்று, வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, அவர் பெயரை மெல்லச் சொன்னாள். பிறகு கொஞ்சம் சத்தமாய். இரண்டாவது தடவை திரும்பினார். அந்த அளவுக்கு மிஷினை வைத்து மாட்டிவிட்டாள். மாட்டிய நிமிசம், அடுக்களையில் மனைவி வாய்க்குள் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டது. இவ்வளவு காலமும் இவள் என்னைத் திட்டிக்கொண்டா இருந்தாள் என்று மலாயில் கேட்டுவிட்டு, அவர் சிரித்த சிரிப்பில் வீடே ஆடியது. மனைவி தலைமுக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்று திரும்பி வரும்போது காரை ஓரமாய் நிறுத்தி, இந்த வேலையை விடக் கூடாது என்று மேனகா தனக்குள் சொல்லிக்கொண்டாளாம். அவளுடைய முதல் விற்பனை அது.

பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்த டெஸ்டைத்தான் கோயில் மண்டபத்துக்கும் கொண்டு வந்தாள்.

புஷ்பவள்ளி சுவரைப் பார்க்க உட்கார்ந்தாள். பின்னால் ஆறடி தள்ளி மேனகா. சுவரில் திருவிழா நன்கொடைக்காரர்களின் பெயர்ப் பலகை.

“புஷ்பவள்ளி.”

முதல் தடவையே கேட்டது. மெல்லிய குரல்தான், ஆனால் ளகரம் சிதையாமல், ஒவ்வொரு எழுத்தையும் அறுத்து வைத்த மாதிரி. பெண் குரல், கூப்பிட்ட விதம் கிராணியுடையது. கூப்பிட்ட பிறகு அந்தப் பெண் இருமினாள் கூட, சின்னதாய். விளக்கு எங்கே என்று புஷ்பவள்ளியின் கண் தானாகத் தேடியது. எதிரே சுவர்தான் இருந்தது. அசையாமல் இருந்தாள்.

“புஷ்பவள்ளி.”

இருந்தாள்.

“புஷ்பவள்ளி!”

திரும்பினாள். மேனகா காகிதத்தில் மூன்று என்று எழுதினாள்.

அன்று டெஸ்டுக்கு உட்கார்ந்தது பதினோரு பேர். பதினோரு பேரும் மூன்று. தோட்டத்துக் காது இவ்வளவு மோசமா என்று மேனகாவுக்கு மனசு கஷ்டப்பட்டது. மகன்களும் மருமகன்களும் கார்டைத் தேய்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை மிஷின்கள் வந்தன, எல்லாம் மூன்றாவது தடவைக் காதுக்கு ஏற்றபடி சத்தம் கூட்டி வைத்தவை. திவாகரன் கடையில் எல்லாருக்கும் நாசி லெமாக் சோறு வாங்கிக் கொடுத்தான். “மேடம், ஒங்க வாயில என்ன இருக்கு? ஒரே நாள்ல பதினொண்ணு!” என்றான்.

மறுநாள் விடிகாலை புஷ்பவள்ளி வழக்கம் போல ஐந்தேகாலுக்கு எழுந்து, பல் விளக்கிவிட்டு, வலது காதில் மிஷினை மாட்டினாள். உலகம் உள்ளே பாய்ந்தது. பல்லியின் நகம் சுவரில் ஓடுவது, ஃபிரிட்ஜின் வயிறு, அடுத்த வீட்டில் கட்டில் முனகுவது. நல்ல மிஷின்தான் என்று நினைத்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

செம்பனை மரங்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“வீராயி.”

கொஞ்சம் விட்டு, “வீராயி.”

ஓர் இருமல். பிறகு பென்சில் தாளில் இழுபடும் சத்தம்.

“காத்தமுத்து… காத்தமுத்து.”

இருமல். கோடு.

புஷ்பவள்ளி அடுப்பை அணைத்தாள். வீராயி செத்தது தொண்ணூற்றெட்டில், பிரசவம் பார்க்கப் போன மகள் வீட்டில். காத்தமுத்து அதற்கும் நாலு வருசம் முந்தி. மூன்றாவது அஞ்சலை வர வேண்டுமே என்று நினைத்தாள், அஞ்சலை வந்தாள். நாலாவது பெரியகண்ணு. அது நடு டிவிசன் பெரட்டு வரிசை. பதினெட்டு வருசம் தினம் கேட்ட வரிசையை அவள் தூக்கத்திலும் சொல்வாள். யார் யாருக்கு யார் கொழுந்தன், யார் எந்த லயத்தில் எத்தனையாவது வீடு என்பதோடு சேர்த்துச் சொல்வாள். நாலு பெயரோடு குரல் நின்றது. விடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் அடுத்த நாலு. மூன்றாம் நாள் அதற்கடுத்த நாலு. விட்ட இடத்திலிருந்து தொடங்கி, நாலோடு நிற்கும். புஷ்பவள்ளி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முப்பத்தைந்து பேர் கொண்ட வரிசை. அதில் உயிரோடு இருப்பது இரண்டே பேர். பத்தொன்பதாவது சடையன். முப்பத்தைந்தாவது, வரிசையின் கடைசிப் பெயர், அவள். சடையனுக்கு ஐந்தாம் நாள். அவளுக்கு ஒன்பதாம் நாள்.

மிஷினைக் கழற்றி வைத்துவிடலாமே என்று கேட்கலாம். மிஷின் வாங்கிய மற்ற ஒன்பது பேரும் வேறு டிவிசன்காரர்கள், அவர்கள் அதைத்தான் செய்தார்கள். விடிகாலையில் யாரோ தூரத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது, தலை வலிக்கிறது என்று சொல்லிக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார்கள். புஷ்பவள்ளியால் முடியவில்லை. கழற்றினால் கேட்காது, சரி, கூப்பிடாமல் இருக்குமா?

சடையனிடம் போய்ச் சொன்னாள். மூன்று வீடு தள்ளி, மருமகளோடு இருந்தார். எழுபத்தொன்பது வயசு.

“அண்ணே, ஒங்களுக்கும் கேக்குதா?”

“கேக்குது. கிராணி ஐயாதான். குரல்தான் கொஞ்சம் பொம்பளையாப் போச்சு.” பொக்கை வாயால் சிரித்தார். “செத்தா அப்படி ஆகுமோ என்னமோ.”

“பதில் சொல்லிராதீங்க.”

“அது எப்படி? பெரட்டுல்ல?”

“வெளக்கு இல்லண்ணே.”

அவர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

ஐந்தாம் நாள் புஷ்பவள்ளி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினேழு போயிற்று, பதினெட்டு போயிற்று. “சடையன்” என்று குரல் வந்தது. இரண்டாவது “சடையன்” வருமுன் மூன்று வீடு தள்ளி, இருபது வயசுக்காரன் குரலில், “ஐயா!”

அந்தப் பெயருக்குக் கோடு இழுக்கும் சத்தம் கேட்கவில்லை.

அவள் ஓடிப்போய் மருமகளை எழுப்பி, இரண்டு பேருமாக டார்ச் எடுத்துக்கொண்டு தேடினார்கள். பழைய பெரட்டுக் களத்தில் இருந்தார். இப்போது அது செம்பனைக் காடு. களம் இருந்ததற்கு அடையாளம் ஒரு சிமிட்டிக் கட்டைதான். சட்டையைப் பித்தான் போட்டு, நெற்றியில் எரியாத பால்வெட்டு விளக்கைக் கட்டிக்கொண்டு, நேராக நின்றார். இரண்டு பக்கமும் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்.

“மாமா, வாங்க வீட்டுக்கு,” என்று மருமகள் அழுதாள்.

அவர் புஷ்பவள்ளியைப் பார்த்து, “ஒன் எடம் கடைசில,” என்றார்.

வீட்டுக்குக் கூட்டி வந்தபின் சோறு தண்ணி இறங்கவில்லை. பேச்சும் இல்லை. சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தார். வயசாகிவிட்டது என்றார் டாக்டர். ஆகத்தான் ஆகியிருந்தது.

மேனகா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மிஷின் விற்றால் ஒரு வாரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவளாக வைத்துக்கொண்ட பழக்கம். கையில் தஞ்சோங் டாவாய் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். அந்த மீனவர் கொடுத்தனுப்பியது, எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள். சடையன் செத்த சேதி இன்னும் அவளுக்குத் தெரியாது.

“மிஷின் எப்படி இருக்கு, ஆண்ட்டி?”

“ரொம்ப கேக்குது.”

“அப்படித்தான் இருக்கும் மொத மொத. ஒங்களுக்கு மூணுல்ல? மூணாவது தடவைதானே திரும்பினீங்க?”

“மொதத் தடவையே கேட்டுச்சும்மா.”

மேனகா லாப்டாப்பிலிருந்து தலையை எடுத்தாள். “கேட்டுச்சா? ஏன் சொல்லல?”

“பின்னால நின்னு பேர் சொன்னா யாரும்மா ‘ஏன்’னு கேப்பா? மூணாவது வந்தாத்தான திரும்பலாம்.”

“நீங்க மட்டுமா?”

“எல்லாருக்கும் ஒரே வளர்ப்புத்தான்.”

அந்தப் பெண் லாப்டாப்பில் மண்டபத்துக் கணக்கைத் திறந்தாள். பதினோரு மூன்று. பதினோரு பேர் காதிலும் தேவைக்கு இரண்டு மடங்கு சத்தம். மண்டபத்தில் இதை யாராவது சொல்லியிருக்கலாமே என்று கேட்க முடியாது. அது சொல்கிற விசயம் என்றே அவர்களில் யாருக்கும் தோன்றியதில்லை. புஷ்பவள்ளி மீதியையும் சொன்னாள். வரிசை, நாலு நாலாக வருவது, சடையன் நின்ற இடம், நாளைக்கு யார் முறை என்பது.

மேனகா சிமிட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் அவரக் கொன்னுட்டேனா, ஆண்ட்டி?”

“நீ கொல்லல. கேக்கக்கூடாதத கேக்க வச்சுட்ட, அவ்வளவுதான்.”

பிறகு மேனகா படித்த பெண்ணாகப் பேசினாள். “ஓடைக்கு அந்தாண்ட புதுக் கம்பெனி ஸ்டோர்ல பங்களாதேஷ்லருந்து வந்த பங்களாக்காரங்கள நிக்க வச்சுக் காலையில பேர் கூப்பிடுறாங்கல்ல? மிஷின் ஓவரா இருந்தா அது இங்க வரைக்கும் கேக்கும். அதான்.”

“பங்களாக்காரனுக்கு வீராயின்னு பேரு வைக்கிறாங்களா இப்ப?”

மேனகா லாப்டாப்பை இழுத்தாள். “இப்பவே கொறச்சிடுறேன். ரெண்டு நிமிசம்.”

புஷ்பவள்ளி காதைக் கையால் பொத்திக்கொண்டாள். “வேணாம். நாளைக்கு என் முறை. கொறச்சிட்டா, கூப்பிட்டாரா கூப்பிடலையான்னு தெரியாமலே நான் உக்காந்திருக்கணும். அது இதவிட மோசம்.”

மேனகா எழுந்து மூன்று வீடு தள்ளிச் சடையன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு மில்க் பிஸ்கட் டின். உள்ளே பஞ்சில் சுற்றிச் சடையனின் மிஷின். மருமகள் அதை வீட்டுக்குள் வைத்திருக்கவே பயந்துபோய் இருந்தாள்.

“நானும் கேக்கிறேன், ஆண்ட்டி. இங்கயே படுத்துக்கிறேன்.”

தாய்க்குப் போன் அடித்தாள். மறுபக்கத்தில் ஜெயந்தினியின் குரல் வெளியே கேட்டது. “தோட்டத்திலயோ தங்கப் போறாய்? உனக்கென்ன விசரே?” மேனகா, “வேலைம்மா” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஐந்து மணிக்கு இருவரும் முன்னறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தி, லைட்டைப் போட்டிருந்தார்கள். மேனகா செத்தவர் காதிலிருந்த மிஷினைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். நல்ல காது அவளுடையது. அந்தச் சத்தத்தை அது தாங்கவில்லை. புஷ்பவள்ளி புடவையைச் சரிசெய்ததற்கே கண்ணை இறுக்கி மூடினாள்.

ஐந்தரை.

“செல்லாயி.” முப்பத்து மூன்று.

மேனகாவின் கண் விரிந்தது. இரண்டாவது தடவை வந்து, இருமல் வந்து, கோடு இழுபட்டு, “மருதாயி” தொடங்கியபோது அவள் புஷ்பவள்ளியின் கையைப் பிடித்தாள்.

“ஆண்ட்டி,” என்று உதட்டை மட்டும் அசைத்தாள். “அது என் குரல்.”

தாத்தாவின் குரலை அவள் கேட்டதே இல்லை. தன் குரலைப் போனில் பதிந்து கேட்டிருக்கிறாள். மண்டபத்தில் பதினோரு தடவை, பதினோரு பேர் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்ட அதே குரல். அவள் கூப்பிடாத பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“புஷ்பவள்ளி.”

நெஞ்சுக்குள் ‘ஐயா’ எழுந்து தொண்டை வரை வந்தது. பதினெட்டு வருசப் பழக்கம் அது, லேசில் அடங்குமா? இரண்டாவது தடவைக்குள் பதில் சொல்லாவிட்டால் கோடு. சொன்னால், சடையன் விட்டு வைத்த இடம். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. விளக்கில்லை, விளக்கில்லை என்று பல்லைக் கடித்தாள்.

“புஷ்பவள்ளி.”

இருமல். கோடு. அது நீளமாய் இழுபட்டது.

முடிந்தது என்று மூச்சு விட்டாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவள் காலத்தில் அந்த இடம் காலியாகவே இருந்தது. ஆனால் நாலாவது பெயர் பாக்கி.

“மேனகா.”

டவுனில் வளர்ந்த பெண். பெரியவர்கள் கூப்பிட்டால் ஒரே குரலுக்கு ஏன் என்று கேட்க வேண்டும் என்று ஜெயந்தினி அடித்து வளர்த்த பெண். அவளுக்கு விளக்கும் தெரியாது, மூன்றும் நேற்றுத்தான் தெரியும். வாய் தானாகத் திறந்தது. புஷ்பவள்ளி பாய்ந்து உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள். நாற்காலி சாய்ந்து இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். கையை எடுக்கவில்லை.

“மேனகா.”

பொத்திய கைக்குள் அந்தப் பெண் திமிறினாள். பல் உள்ளங்கையில் இறங்கியது. புஷ்பவள்ளி அவளைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டு, மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். வந்தால் மனுசன். வரட்டும், மனுசனாக இருந்துவிடட்டும் என்று கோயில் சாமியை எல்லாம் கூப்பிட்டாள்.

வரவில்லை. செம்பனை லாரி ஒன்று ரோட்டில் உறுமிக்கொண்டு போயிற்று. ஜன்னல் வெளுத்தது.

அன்று காலை எட்டு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு, புஷ்பவள்ளியின் மிஷினைக் குறைத்து வைத்துவிட்டு மேனகா கிளம்பினாள். ஒன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் மிஷினைக் குறைத்து வைத்து, ஒரே பேச்சைச் சொன்னாள்: “நான் தப்பா டெஸ்ட் பண்ணிட்டேன். என் தப்பு. வேணாம்னா திருப்பிக் குடுத்துருங்க.” இரண்டு பேர் திருப்பிக் கொடுத்தார்கள். சடையனுடையதையும் சேர்த்து மூன்று டப்பாவைத் திவாகரன் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். பதினொன்று எட்டாயிற்று.

“நல்லா ஓடுற மிஷினத் தேடிப்போய்த் திருப்பி வாங்கிட்டு வர்ற சேல்ஸ்காரிய நான் இப்பத்தான் பாக்கிறேன்,” என்றான் திவாகரன். “நான் பத்துன்னு சொன்னேன், மேடம்.”

அவள் வேலையை விட்டு வீட்டுக்குப் போனாள். ஜெயந்தினி கோழி சமைத்தாள்.

மே மாதத்தில் புஷ்பவள்ளியின் மிஷினில் ஏதோ இரைச்சல். பஸ் பிடித்துச் சுங்கைப் பட்டாணிக்குப் போய்க் கடையில் உட்கார்ந்தாள். வேறொரு பெண் காதைத் தொட வந்தபோது தலையை இழுத்துக்கொண்டாள்.

“மேனகா எங்க?”

“அவங்க நின்னுட்டாங்க, பாட்டி. நான் பாக்கிறேன்.”

“அந்தப் பொண்ணு வரட்டும். நான் உக்காந்திருக்கேன். எனக்கு என்ன, வீட்டுல புள்ளையா அழுவுது?”

மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். அதே வாரம் தஞ்சோங் டாவாய்க்காரரும் வந்து, மனைவியையும் கூட்டி வந்து, அதையே மலாயில் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். திவாகரன் போனை எடுத்தான். “மேடம், பத்துன்னு சொன்னத மறந்துருங்க. ஒரு பாட்டி எழுந்திருக்க மாட்டேங்குது.”

மேனகா வந்தாள். அன்றிலிருந்து அவள் டெஸ்ட் மாறிவிட்டது. முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்துகொள்வாள். வாயை மறைத்துக்கொண்டு உப்பு, புளி, மிளகாய், கருவாடு என்று மெல்லச் சொல்வாள். கேட்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். யாருடைய பெயரையும் சொல்வதில்லை. முதுகுப் பக்கம் போவதே இல்லை. விற்கிறாளோ இல்லையோ, முதலில் ஊர், தாய் தகப்பன், எந்த டிவிசன் என்று விசாரிக்கிறாள். அதில் பாதிப் பொழுது போய்விடும். கெடாவில் அந்தக் கடை மிஷின் அதிகம் போனது அவள் கையால்தான் என்கிறான் திவாகரன்.

புஷ்பவள்ளி விடிந்தபிறகுதான் மிஷினை மாட்டுகிறாள். உள்ளங்கையில் நாலு பல் தடம் வெள்ளையாய் நின்றுவிட்டது. போன தீபாவளிக்கு ஜெயந்தினி பலகாரம் கொண்டுவந்தபோது ஒரு குறை சொன்னாள்: “இவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என்ரை தொண்டை போச்சுது. மூண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள். காது மிஷின் விக்கிறவளுக்கே காது கேக்கேல்லைப் போல.”

புஷ்பவள்ளி முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

மேனகாவுக்கு இப்போது முப்பது ஆகிறது. பாக்கார் ஆராங்கில் தாய் தகப்பனோடு இருக்கிறாள். சுங்கைப் பட்டாணிக் கடை அவள் பொறுப்பில் நடக்கிறது. காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறாள்.